பச்சைப் பெயிண்டுக்குள் ஒரு கோதுமை மிஷின்: பழைய மக்காச்சோள மிஷின் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

2025 தை மாதம் 1,45,000 ரூபாய் கொடுத்து ஒரு கோதுமை அடிக்கும் மிஷின் வாங்கினேன். எங்கள் பெரம்பலூர் மாவட்டத்தில் கோதுமை விளையாது. மக்காச்சோளம்தான் விளையும். கோதுமை மிஷின் என்று தெரிந்தா வாங்கினேன் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எனக்கு வேப்பந்தட்டைப் பக்கம் நாலு ஏக்கர் கரிசல். புரட்டாசியில் மழையைப் பார்த்து விதைத்தால் தையில் கருது (கதிர்) முற்றும். எங்கள் ஊரில் எல்லாருக்கும் அதே வாரம்தான் முற்றும். அப்போது டிராக்டரில் இழுத்துவரும் கதிரடிக்கும் மிஷின்காரருக்கு இருக்கிற மரியாதை மாப்பிள்ளைக்குக்கூடக் கிடையாது. போன் எடுக்க மாட்டார், எடுத்தாலும் "நாளைக்கு" என்பார். 2024 தையில் பதினோரு நாள் கருதைக் களத்தில் குவித்து வைத்து, ராத்திரி பன்றி விரட்டிக்கொண்டு படுத்திருந்தேன். நம்மிடம்தான் 45 எச்.பி டிராக்டர் இருக்கிறதே, பின்னால் மாட்டுகிற ஒரு பழைய மிஷின் வாங்கிப் போட்டால் என்ன, அக்கம்பக்கத்துக்கும் அடித்துக் கொடுத்தால் ரெண்டு வருஷத்தில் போட்ட காசு வந்துவிடுமே என்று ஒரு கணக்கு. கணக்கு தப்பில்லை. நான் போன இடம்தான் தப்பு.

அது பக்கத்து மாவட்டத்தில் ஒரு யார்டு. பெயர் போடவில்லை. வெளியூர்களிலிருந்து பழைய விவசாய மிஷின்களை லாரியில் கொண்டுவந்து பெயிண்ட் அடித்து விற்கிறார்கள். எனக்குக் காட்டியது பளபளவென்று பச்சை. "நாலு சீசன்தான் ஓடினது, மக்காச்சோளத்துக்குன்னே செஞ்ச மிஷின்" என்றார் உரிமையாளர். டயர் பரவாயில்லை, பெல்ட்டெல்லாம் புதுசு. ஓட்டிக் காட்டச் சொன்னேன். மறுபேச்சு இல்லாமல் ஓட்டிக் காட்டினார். அங்கேதான் ஏமாந்தேன். ஓட்டிக் காட்டுகிறவன் ஏமாற்றமாட்டான் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம்.

அந்தப் பத்து நிமிஷத்தில் என்னென்ன நடந்தது என்று இப்போது ஒவ்வொன்றாக விளங்குகிறது. அவர் போட்டது மேல்தோலான மட்டையை உரித்த கருது, வெயிலில் கலகலவென்று காய்ந்தது. கூடையில் அள்ளிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டார். டிராக்டர் ஆக்சிலேட்டரைப் பாதிக்கு மேல் ஏற்றவேயில்லை. "மெதுவா ஓட்டினாலே போதும் சார், டீசலும் மிச்சம்" என்றார். மணி அழகாக, முழுசாக விழுந்தது. கையில் அள்ளிப் பார்த்துவிட்டு நான் தலையாட்டினேன். மச்சான் மட்டும், "மட்டையோட ஒரு கூடை போடச் சொல்லுங்க மாமா" என்றான். யார்டில் மட்டைக் கருது இல்லை என்றார்கள். மக்காச்சோள மிஷின் விற்கிற இடத்தில், மக்காச்சோள சீசனில் மட்டைக் கருது இல்லையாம். சரி என்று விட்டுவிட்டேன்.

20,000 ரூபாய் போனில் அனுப்பினேன், மீதி 1,25,000 கையில். ஒரு வெள்ளைச் சீட்டு கொடுத்தார்கள். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அந்தச் சீட்டுக்கு அப்புறம் வருகிறேன்.

களத்துக்குக் கொண்டுவந்து பூஜை போட்டு ஓட்டினோம். எங்கள் பக்கம் கருதை மட்டையோடுதான் ஒடித்துக் குவிப்போம், உரிக்கிற கூலி கட்டாது. யார்டுக்காரர் ஓட்டிய அதே வேகத்தில் ஓட்டினேன். ஐந்து நிமிஷத்தில் அடைத்துக்கொண்டது. மூடியைத் திறந்தால் மட்டை கயிறாகத் திரிந்து, கருதை அடிக்கும் முள் டிரம்மைச் சுற்றிக் கிடக்கிறது. விழுந்த மணியிலும் பாதி மட்டைத்தூள், ஏனென்றால் அந்த வேகத்தில் தூளை ஊதித் தள்ளும் ஃபேனுக்குக் காற்று இல்லை. மட்டையை அறுத்து எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை ஏற்றினேன். பி.டி.ஓ, அதாவது மிஷினைச் சுழற்றும் டிராக்டரின் பின்பக்க அச்சு, நிமிஷத்துக்கு 540 சுற்றைத் தொட்டதும் அடைப்பு நின்றது, காற்றும் வந்தது. அப்பாடா என்றிருந்தது. சத்தம் மட்டும் வேறு மாதிரி. கல் உடைக்கிற கிரஷர் பக்கத்தில் நிற்பதுபோல.

சாக்குப் பிடித்துக்கொண்டிருந்த அக்கா உள்ளே கையை விட்டு ஒரு பிடி அள்ளி என் முன்னால் நீட்டினார்கள். "தம்பி, இது என்ன, ரவையா?" முழு மணியை எண்ணிவிடலாம். மீதியெல்லாம் இரண்டாக, நாலாக உடைந்த குருணை, விரலிடுக்கில் மஞ்சள் மாவு. வேகத்தைக் குறைத்தால் அடைக்கிறது, கூட்டினால் உடைக்கிறது. அன்றைக்கு முழுக்க அந்த ரெண்டுக்கும் நடுவில் ஆக்சிலேட்டரை வைத்துக்கொண்டு மன்றாடி 34 மூட்டை அடித்தேன்.

சாயங்காலம் இன்னொன்றும் நடந்தது. பி.டி.ஓ ஷாஃப்டுக்கு மேல்மூடி கிடையாது. வாங்கும்போதே பார்த்தேன், "எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க" என்று சொன்னார்கள், நானும் ஒத்துக்கொண்டேன். ஒரு பையன் குனிந்தபோது தோளில் கிடந்த துண்டு ஷாஃப்டில் சிக்கி, கண் மூடித் திறப்பதற்குள் உருவிக்கொண்டு போய்விட்டது. 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. துண்டு தோளில் சும்மா கிடந்ததால் தப்பினான், கழுத்தில் சுற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கு வரைக்கும் அவன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. இது யார்டுக்காரர் தப்பு மட்டுமில்லை, என் தப்பும்தான்.

மறுநாள் மெக்கானிக் தம்பி வந்தார். மிஷினைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்தார். ஷாஃப்ட் வந்து சேரும் புல்லி 16 அங்குலம். டிரம்மில் இருக்கும் புல்லி 8 அங்குலம். "அண்ணே, பி.டி.ஓ 540 சுத்தினா டிரம் 1,080 சுத்தும். டிரம் 22 அங்குலம். முள்ளு நுனி நொடிக்கு முப்பது மீட்டர் போவுது. இது கோதுமைக்கு உள்ள வேகம்ணே. மக்காச்சோளத்துக்கு இதுல பாதி போதும்" என்றார். யார்டில் ஏன் ஆக்சிலேட்டரைப் பாதியில் நிறுத்தினார் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. பாதி வேகத்தில் ஓட்டினால் டிரம் சரியாக மக்காச்சோள வேகத்துக்கு வந்துவிடும். மணி உடையாது. காற்று பத்தாதே என்றால், உரித்துக் காய்ந்த கருதுக்குக் காற்று எதற்கு? மனுஷர் யோசித்துத்தான் செய்திருக்கிறார்.

டிரம்முக்கு அடியில் இருக்கும் கம்பிச் சல்லடையைக் கழற்றினோம். கோதுமைக்கு நெருக்கமாக இருந்த கம்பிகளை ஒன்று விட்டு ஒன்று கேஸ் கட்டரால் அறுத்து எடுத்திருந்தார்கள், மக்காச்சோள மணி விழட்டும் என்று. அறுத்த முனைகளைத் தேய்க்கக்கூட இல்லை. விரலை வைத்தால் கிழிக்கிறது. மணி உடைய அதுவும் ஒரு காரணம். பக்கத் தகட்டில் பெயிண்டைச் சுரண்டினால் கீழே மஞ்சள், அதன்மேல் இந்தி எழுத்து. வடக்கே லாரி ஓட்டிய என் பெரியப்பா மகனுக்குப் போட்டோ அனுப்பினேன். "கேஹூன்னு போட்டிருக்கு, கோதுமைடா" என்று பதில் வந்தது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அந்த 34 மூட்டையும் வியாபாரியிடம் போனது. எங்கள் பக்கத்து மக்காச்சோளத்தில் பெரும்பங்கு நாமக்கல் கோழித் தீவனத்துக்குத்தான் போகிறது. எப்படியும் அரைக்கப் போகிறார்கள், உடைந்தால் என்ன என்று வாதாடிப் பார்த்தேன். அவர் கோபப்படாமல் சொன்னார்: முழு மணிக்குத் தோல் காவல், உடைந்ததில் பூஞ்சை சீக்கிரம் ஏறும், அஃப்ளடாக்சின் என்கிற பூஞ்சை விஷம் வந்துவிட்டால் கோழிக்கு ஈரல் போகும், தீவன மில்லில் லோடையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஈரம் 14 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கிறவர்கள் குருணையை மட்டும் விடுவார்களா? மூட்டைக்கு 200 ரூபாய் பிடித்தார். 6,800 ரூபாய் அங்கேயே போச்சு. மத்திய அரசு அந்தப் பருவத்துக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,225 ரூபாய். அதைச் சொன்னால் அது நல்ல சரக்குக்கு என்றார். மீதிக் கருதை, எங்கள் ஊருக்கு வழக்கமாக அடிக்க வரும் மிஷின்காரரையே கெஞ்சிக் கூப்பிட்டு அடித்தேன். "சொந்த மிஷின் என்னாச்சு?" என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

யார்டுக்குப் போன் போட்டேன். முதல் தடவை, "செட்டிங் மாத்தணும் சார், ஆள் அனுப்புறேன்" என்றார். ஆள் வரவில்லை. நேரில் போனபோது, "பழைய சாமான் சார், ஓட்டிப் பார்த்துத்தானே எடுத்தீங்க?" என்றார். சட்டைப்பையில் மடித்து வைத்த சீட்டை அப்போதுதான் பிரித்துப் படித்தேன். மக்காச்சோளம் என்ற வார்த்தையே இல்லை. மிஷின் என்றும் இல்லை. "பழைய இரும்புச் சாமான் 1, உள்ளது உள்ளபடி" என்று எழுதி, தொகை 20,000. ஜி.எஸ்.டி எண் இல்லை. கையில் கொடுத்த 1,25,000 எந்தக் காகிதத்திலும் இல்லை. நான் சட்டப்படி வாங்கியது இருபதாயிரம் ரூபாய்க்குக் காயலான் கடை இரும்பு.

தெரிந்த வக்கீலிடம் காட்டினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு ரெண்டு வருஷத்துக்குள் போகலாம், 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் இல்லை என்றார். ஆனால் அடுத்தவர் காட்டுக்கும் அடிக்க வாங்கினேன் என்று நானே வாய்விட்டால், வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும், சொந்தப் பிழைப்புக்குத் தானே ஓட்டுகிறவன் என்று நிறுவ வேண்டும், அதற்கும் முன்னால் இந்தச் சீட்டைத் தாண்ட வேண்டும். மனு கொடுத்திருக்கிறேன். யார்டுக்காரர், "மக்காச்சோளத்துக்குத்தான் சார்" என்று பேசிய போன் பதிவு மச்சானிடம் இருந்தது, அது ஒன்றுதான் கையில் இருக்கிற பிடி.

மிஷின் என்னாச்சு என்று கேட்பவர்களுக்கு: டிரம் புல்லியை 16 அங்குலத்துக்கு மாற்றி, சல்லடையைப் புதிதாகக் கட்டி, ஃபேனுக்குத் தனி பெல்ட் போட்டு, ஷாஃப்டுக்கு மூடியும் வைத்தாயிற்று. 31,000 ரூபாய். இப்போது மணி உடைக்கவில்லை. சக்கையில் கொஞ்சம் மணி ஒட்டிக்கொண்டு போகிறது, அதை மாடு தின்கிறது. மொத்தமாகப் போட்ட காசுக்குக் கொஞ்சம் கூடப் போட்டிருந்தால் கியாரண்டியோடு புதுசைப் பற்றியே பேசியிருக்கலாம். அரசின் உழவன் செயலியில் வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை மிஷினுக்குப் பதிவு செய்து வைத்துக் காத்திருந்தாலும் இவ்வளவு போயிருக்காது.

போன வாரம் துறையூர்ப் பக்கமிருந்து ஒரு நண்பர் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினார். அதே யார்டு, அதே சுவர். இந்தத் தடவை நீலப் பெயிண்ட். "ஒன்னு அறுபது சொல்றாங்க, எவ்வளவுக்குக் கேட்கலாம்?" என்று கேட்டிருந்தார். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டிரம் பக்கத்துப் புல்லி சின்னதாகத்தான் தெரிந்தது. விலையெல்லாம் அப்புறம், முதலில் ஒரு டேப்பும், சொந்தக் காட்டிலிருந்து மட்டையோடு ரெண்டு மூட்டைக் கருதும், உங்கள் டிராக்டரும் எடுத்துக்கொண்டு போங்கள், பி.டி.ஓவை 540-ல் வைத்து ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொன்னேன். நேற்று கூப்பிட்டார். கருதோடு வருகிறேன் என்று சொன்னதும், அந்த மிஷின் வித்துப்போச்சு என்றார்களாம்.