ஐஎர்ன் லேர்னிங் சர்க்கிள்: சேருவதற்கு முன் விதிகளைப் படித்துவிடுங்கள்

வெளிநாட்டுப் பள்ளிகளோடு சேர்ந்து நம் பிள்ளைகள் ஏதாவது செய்யவேண்டும் என்று நினைக்கிற ஆசிரியர்களுக்கு நான் முதலில் சொல்வது பல நாட்டுப் பள்ளிகளை இணையம் வழியாக இணைக்கும் ஐஎர்ன் (iEARN) அமைப்பைத்தான், அதிலும் சில நாட்டு வகுப்புகள் குழுவாகச் சேர்ந்து எழுதிப் பகிரும் அதன் லேர்னிங் சர்க்கிள் திட்டத்தை. முக்கியக் காரணம் அதன் விதிகள். வகுப்பறையில் நின்று பாடம் நடத்தியவர்கள் யோசித்து வைத்த விதிகள் என்பது படிக்கும்போதே தெரிகிறது.

1988ல், பனிப்போர் இன்னும் முடியாத நேரத்தில், நியூயார்க் மாநிலப் பள்ளிகளையும் மாஸ்கோ பள்ளிகளையும் இணைக்கத் தொடங்கிய முயற்சிதான் ஐஎர்ன். 1994ல் பல நாட்டு ஆசிரியர்கள் அர்ஜென்டினாவின் புவெர்ட்டோ மாட்ரினில் கூடி முறையான அமைப்பாக்கினார்கள். இன்று 140 நாடுகளுக்கு மேல் பரவிவிட்டது, ஆனாலும் திட்டங்களை முன்மொழிவதும் நடத்துவதும் ஆசிரியர்களும் மாணவர்களும்தான். எந்தத் திட்டமாக இருந்தாலும் பாடத்தோடு தொடர்பு இருந்தால் மட்டும் போதாது, 'இதனால் உலகத்தில் மக்களின் வாழ்க்கை எப்படி மேம்படும்?' என்ற கேள்விக்கும் பதில் வைத்திருக்கவேண்டும். சும்மா போட்டோ பரிமாறிக்கொள்ளும் திட்டங்கள் இந்தக் கேள்வியிலேயே நின்றுவிடும்.

சரி, சர்க்கிளுக்கு வருவோம். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மார்கரெட் ரீல் உருவாக்கிய முறை இது. ஒரு சர்க்கிளில் பொதுவாக ஆறு முதல் எட்டு வகுப்புகள், வெவ்வேறு நாடுகளிலிருந்து. முதலில் அறிமுகம்: வகுப்பைப் பற்றி ஒரு படிவம், அப்புறம் ஊர் வரைபடம், பிள்ளைகள் வரைந்த படம், உள்ளூர்ப் பொருள்கள் என்று ஒரு வரவேற்புப் பொதி. அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. ஒவ்வொரு வகுப்பும் ஒரு தலைப்பை முன்வைக்கும். நம் வகுப்பு 'உங்கள் ஊருக்குக் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது' என்று கேட்டால் மற்ற எல்லா வகுப்பும் விசாரித்து எழுதி அனுப்பும், நாம் அதைத் தொகுத்துப் புத்தகமாக்கவேண்டும், அதே சமயம் அவர்கள் ஒவ்வொருவரின் தலைப்புக்கும் நம் பிள்ளைகளும் எழுதி அனுப்பவேண்டும். மொய் மாதிரிதான், வாங்கினால் திருப்பிச் செய்தே ஆகவேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான், பயப்படவேண்டிய விதியும் இதுதான். ஒரு வகுப்பு பாதியில் காணாமல் போனால் மற்ற எல்லாப் புத்தகங்களிலும் ஒரு பக்கம் காலி, எங்கோ ஒரு நாட்டில் நம் பதிலுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏமாற்றம். அதனால் 'சேர்ந்துதான் பார்ப்போமே' என்று சேராதீர்கள். தலைமையாசிரியரிடம் பேசி வாரத்துக்கு இரண்டு பாடவேளையாவது வாங்கிக்கொண்டு சேருங்கள்.

மொழி பற்றிக் கேட்பார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். தமிழ்வழிப் பிள்ளைகள் முதலில் தமிழில் எழுதட்டும், பிறகு வகுப்பே உட்கார்ந்து ஆங்கிலத்தில் மாற்றட்டும். நேரம் பிடிக்கும்தான், ஆனால் நேரடியாக ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் கைடு புத்தக வாக்கியங்கள்தான் வரும், அவர்கள் ஊர்க் கண்மாய் வராது.

ஐந்தாம் வகுப்புக்குக் கீழே என்றால் சர்க்கிள் வேண்டாம், ஐஎர்னின் டெடி பேர் திட்டம் போதும். இரண்டு வகுப்புகள் கரடி பொம்மையைத் தபாலில் மாற்றிக்கொள்ளும், வந்த பொம்மை எழுதுவதாகப் பிள்ளைகளே நாட்குறிப்பு எழுதி அதன் சொந்த வகுப்புக்கு அனுப்புவார்கள். 'இன்று இட்லி சாப்பிட்டேன், வெயில் தாங்கவில்லை' என்று கரடி எழுதும்போது, தங்கள் ஊரை வெளியாள் கண்ணால் பார்க்க ஒரு ஏழு வயதுப் பிள்ளை கற்றுக்கொள்கிறது.

எனக்கு இருக்கும் ஒரே பெரிய குறை சர்க்கிளின் கால அட்டவணை. செப்டம்பர் முதல் ஜனவரி வரை ஒரு சுற்று, ஜனவரி முதல் மே வரை இன்னொன்று. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு இரண்டுமே முழுதாகப் பொருந்தாது. இரண்டாவதில் சேர்ந்தால் ஆண்டுத் தேர்வு குறுக்கே வரும், புத்தகம் தொகுக்கும் நேரத்தில் பிள்ளைகள் கோடை விடுமுறையில் இருப்பார்கள். செப்டம்பரே பரவாயில்லை: காலாண்டுத் தேர்வுக்கும் அரையாண்டுக்கும் நடுவே அக்டோபர், நவம்பரில் எழுத்து வேலையை முடித்துவிடலாம், தொகுப்பைப் பொங்கலுக்கு முன்பும் பின்பும் வைத்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பைத் தொடவேண்டாம், எட்டு அல்லது ஒன்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வரவேற்புப் பொதியை ஆகஸ்டிலேயே தயார் செய்துவிடுங்கள், வெளிநாட்டுத் தபால் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும்.