ரிச்சி ஸ்ட்ரீட் ரேடியோ: ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு

"இதுல ஏஎம் வருமா தம்பி?" என்று கேட்டேன்.

கடைப் பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏஎம், பிஎம் ரெண்டும் வரும்க்கா. இருபத்துநாலு மணி நேரமும் பாட்டு போடுவான்" என்றான்.

அவனைக் குத்தம் சொல்ல முடியாது. இருபது வயசு இருந்தால் அதிகம். ஏஎம் என்பது எஃப்எம்முக்கு முந்தைய பழைய ரேடியோ முறை; அதில் ஆகாசவாணி வருகிற மீடியம் வேவ் என்ற வார்த்தையே அவன் காதில் விழுந்திருக்காது. இது 2024 மார்ச், ஒரு சனிக்கிழமை. கேபிள் சுருளும் சிசிடிவி டப்பாவும் தலையில் இடிக்கிற ரிச்சி ஸ்ட்ரீட்டில், சென்னையின் அந்த எலக்ட்ரானிக்ஸ் கடைச் சந்துக்குள், நான் ரேடியோ தேடி அலைந்ததற்குக் காரணம் மிக்ஜாம் புயல்.

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணி. விடிவதற்குள் கரண்ட் போனது, வியாழன் ராத்திரிதான் வந்தது. வீட்டில் இருந்த மூணு போனும் முதல் நாளே அணைந்துவிட்டன. செவ்வாய்க்கிழமை காலை மாடி வீட்டுப் பையன் இறங்கி வந்து, "ஆன்ட்டி, ஏரி உடைஞ்சிடுச்சாம்" என்றான். எந்த ஏரி என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. அவனுக்குச் சொன்னவருக்கும் தெரியாது. அரிசி டிரம், கேஸ் சிலிண்டர், பையனுடைய சர்டிபிகேட் ஃபைல் எல்லாவற்றையும் படிக்கட்டில் ஏற்றி வைத்துவிட்டு ராத்திரி முழுக்க டார்ச் அடித்து வாசல்படியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் வெறும் புரளி. காரப்பாக்கத்தில் ஆமிர் கானையும் விஷ்ணு விஷாலையும் படகில் ஏற்றிப் போனது உலகத்துக்கே தெரிந்திருக்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருந்த எனக்கு அது தெரிந்தது வெள்ளிக்கிழமை, அமெரிக்காவில் இருக்கிற நாத்தனார் அனுப்பிய வீடியோவில்.

"வீட்ல ஒரு டிரான்சிஸ்டர் இருந்துது. அதைப் பேப்பர்காரன்கிட்ட போட்டது யாரு?" என்று அத்தை கேட்டாங்க. போட்டது அவங்க பிள்ளைதான். ஆனால் கேள்வி என்னைப் பார்த்து.

அப்படித்தான் ரேடியோ வாங்கப் போனது. முதலில் வாங்கியது, அந்தப் பையன் கொடுத்த டப்பா. 650 ரூபாய். பழைய நோக்கியா போனுக்குப் போடுவோமே, பிஎல்-5சி, அந்த பேட்டரிதான் உள்ளே. புளூடூத், பென் டிரைவ், மெமரி கார்டு, முன்னால் கலர் கலராக மின்னுகிற விளக்கு. பெட்டி மேல் ஏஎம் என்று அச்சடித்திருந்தார்கள். பெட்டி மேல் மட்டும். பொத்தானை அமுக்கினால் தானே நிலையம் தேடிக்கொள்ளும், தேடி முடிப்பதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும். மூணு வாரத்தில் சார்ஜ் போடுகிற ஓட்டை லூசாகிவிட்டது. கேபிளை ஒரு கையால் தூக்கிப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். இப்போது பையன் அதன் ஸ்பீக்கரைக் கழற்றி ஏதோ காலேஜ் புராஜெக்டுக்கு வைத்திருக்கிறான்.

இரண்டாவது தடவை போனபோது வேறு கடை. வேறு சந்தும்கூட, நரசிங்கபுரம் தெருப் பக்கம். கல்லாவில் இருந்த பெரியவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "மீடியம் வேவா? உட்காரும்மா" என்றார். அந்த 'உட்காரும்மா'வுக்கே நூறு ரூபாய் கூடக் கொடுத்திருக்கலாம். அவர் பரண் மேலிருந்து இறக்கியதுதான் இந்த ரேடியோ. 1,450 ரூபாய். பேரம் பேசியதில் 1,400. கம்பெனி பேர் சொல்லப் போவதில்லை. புகழ்ந்தால் விளம்பரம் என்பீர்கள், குறை சொன்னால் எனக்கு வம்பு.

பார்க்க ஒன்றுமில்லை. கறுப்பு பிளாஸ்டிக், மேலே கைப்பிடி, பக்கவாட்டில் திருகுகிற சக்கரம், ஒரு சிவப்பு முள். எஃப்எம், மீடியம் வேவ், ஷார்ட் வேவ் என்று மூணு பேண்ட். டார்ச்சுக்குப் போடுகிற பெரிய செல் ரெண்டு. தினமும் மூணு மணி நேரம் ஓடியும் ஒரு ஜோடி செல் ரெண்டு மாசத்துக்கு மேல் தாங்குகிறது. குறை என்றால் செல் மூடிதான். கொக்கி உடைந்து இப்போது ரப்பர் பேண்டில் நிற்கிறது. முள்ளும் நேர்மையானது இல்லை. 98.3 வேண்டுமென்றால் 99க்கு இந்தப் பக்கம் எங்கேயோ வைக்க வேண்டும். பழகிவிட்டது. அரை மில்லிமீட்டர் தள்ளினால் இன்னொருத்தர் வந்துவிடுவார்.

எஃப்எம்மில் எல்லாம் வருகிறது, சுத்தமாக. 93.5, 98.3, 106.4, ஆகாசவாணியின் ரெயின்போ 101.4. காலையில் அரட்டை, ராத்திரி பத்துக்கு மேல் எங்கே திருகினாலும் இளையராஜா, நடுவில் மனை விளம்பரம். ரேடியோவில் விற்கிற எந்த மனையும் தாம்பரத்துக்குப் பத்தே நிமிஷம். எங்கள் வீட்டிலிருந்து தாம்பரம் போக முக்கால் மணி நேரம் ஆகும் என்பதால் பொறாமையாக இருக்கும்.

தனியார் எஃப்எம் காரர்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது என்பது இன்னும் இருக்கிற விதி. ஆகாசவாணி செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். மணிக்குப் பத்து நிமிஷம் செய்தி சொல்ல விடலாம் என்று 2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரை செய்தது. ஆனால் டிராஃபிக், மழை, பேரிடர் எச்சரிக்கை சொல்லத் தடையில்லை. அதனால் மழைக்காலத்தில் துரைசாமி சப்வேயில் தண்ணி, கணேசபுரம் சப்வே மூடியாச்சு என்று ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் சொல்லிவிடுகிறார்கள். தி.நகரில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிற எனக்கு அது போதும்.

நான் எழுத உட்கார்ந்தது மீடியம் வேவ் பற்றி. 720 கிலோ ஹெர்ட்ஸ், சென்னை வானொலி. முதல் நாள் வீட்டுக்குள் வைத்துத் திருகினால் எண்ணெயில் வடகம் போட்ட மாதிரி ஒரே சத்தம். ஏமாந்தோம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் கடைக்காரப் பெரியவருக்கு போன் போட்டேன். "எல்இடி லைட்டை அணைச்சுட்டுப் பாரும்மா. இன்வெர்ட்டர் பக்கம் வைக்காத. அப்புறம் ரேடியோவைத் திருப்பு. ஸ்டேஷனை இல்ல, ரேடியோவையே" என்றார்.

திருப்பினேன். உள்ளே ஒரு கறுப்புக் கம்பி இருக்கிறது, ஃபெரைட் ராடு, அதுதான் மீடியம் வேவுக்கு ஆன்டெனா. அதன் விலாப்பக்கம் நிலையத்தைப் பார்த்திருக்க வேண்டுமாம். மேலே இழுக்கிற நீளக் கம்பியால் இதற்குப் பிரயோஜனமே இல்லை. கால் வட்டம் திருப்பியதும் வடகம் பொரிவது அடங்கி, அதற்கு அடியிலிருந்து ஒரு அம்மாள் மெல்ல எழுந்து வந்தார். நாற்று நட்ட இருபதாம் நாள் வயலில் எவ்வளவு தண்ணி நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுக்களை ஜன்னல் திட்டில் அந்த இடம் கிடைத்ததும் அத்தை கோலமாவு எடுத்து வந்து நாலு மூலைக்கும் புள்ளி வைத்துவிட்டாங்க. துடைக்கும்போது நகர்த்தினாலும் திரும்பப் புள்ளிக்குள்தான் வைக்க வேண்டும். இன்டக்ஷன் அடுப்பைப் போட்டால் மட்டும் அந்த அம்மாளைத் திரும்ப எண்ணெய்ச் சட்டிக்குள் தள்ளின மாதிரி. அதனால் காலைச் செய்தி நேரத்தில் காபி கேஸ் அடுப்பில்தான்.

என் போன் எனக்கு வேண்டியதை மட்டுமே காட்டும். ஒரு தடவை புடவை பார்த்ததற்கு ஒரு மாசம் புடவை. ஒரு நடிகர் விவாகரத்துச் செய்தியைத் தெரியாத்தனமாகத் தொட்டதற்கு, திரையுலகத்தில் யாரெல்லாம் பிரியப் போகிறார்கள் என்று ஜோசியம் வரைக்கும் வந்து நின்றது. ஜன்னல் திட்டில் இருக்கிற ரேடியோவுக்கு நான் யார் என்றே தெரியாது. யூரியாவைப் பிரித்துப் போடச் சொல்கிறது. மாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசி எப்போது என்கிறது. மடிப்பாக்கத்தில் கீழ்த்தள வீட்டில், ரெண்டு தொட்டி கற்றாழை வைத்திருப்பவளுக்கு.

மழை மாசங்களில் மீனவர்களுக்கான எச்சரிக்கை. "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும்." அத்தைக்கு இது மனப்பாடம். பேரன் பைக்கை எடுத்தால் அதே குரலில், அதே இழுவையில் சொல்வாங்க: "மணிக்கு நாற்பத்தஞ்சு. இடையிடையேகூட அறுபத்தஞ்சு கூடாது."

சரி, வாங்கிய காரியத்துக்கு உதவியதா? 2024 அக்டோபர் நடுவில் அந்த ரெட் அலர்ட் நாட்கள் நினைவிருக்கும். வேளச்சேரி, பள்ளிக்கரணை மேம்பாலங்களில் ரெண்டு ஓரமும் கார்களாக நிறுத்தி வைத்திருந்தார்கள். எங்கள் தெருக்காரர்களின் கார் நாலும் அங்கேதான். செவ்வாய்க்கிழமை கொட்டியது. புதன்கிழமை வரவேண்டிய பெருமழை வராமல், மீம்ஸ்தான் கொட்டியது. செவ்வாய் சாயங்காலம் ஒரு மணி நேரம் கரண்ட் இல்லை. இருட்டில் தடவி ரேடியோவைப் போட்டேன். அதுவரைக்கும் அப்படி ஒரு தெளிவை அதில் கேட்டதே இல்லை. தெருவில் ஒரு எல்இடி இல்லை, இன்டக்ஷன் இல்லை, டிவி இல்லை. இரைச்சல் கிளப்புகிற அத்தனையும் அடங்கிக் கிடக்க, செய்தி வாசிப்பவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. ஊர் இருண்டால்தான் இந்த ரேடியோ நன்றாகப் பேசும் போலிருக்கிறது.

பேசியது என்ன என்பது வேறு விஷயம். முதலில் பிரதமர், பிறகு முதலமைச்சர், பிறகு ஆய்வுக்கூட்டம். "சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய மாவட்டங்களில்" என்று நாலு மாவட்டத்தையும் ஒரே மூச்சில் கட்டிவிட்டார்கள். என் தெருவில் தண்ணி ஏறுமா ஏறாதா என்று அது சொல்லவில்லை, சொல்லவும் சொல்லாது. அதற்கு வாட்ஸ்அப் குரூப்தான். அங்கே அன்றைக்கும் ஒருத்தர் ஏரியை உடைத்தார். ஆனால் இந்தத் தடவை யாரும் சிலிண்டரைத் தூக்கவில்லை. ரேடியோவில் ஏரி பேச்சே இல்லை என்பதைச் சாட்சியாக வைத்துக்கொண்டு அத்தை தூங்கப் போயிட்டாங்க.

அது அவ்வளவு நம்பகமான சாட்சியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. 1984இல் இந்திரா காந்தி சுடப்பட்ட அன்று பிபிசி சொல்லிப் பல மணி நேரம் கழித்து, சாயங்காலம்தான் ஆகாசவாணி வாயைத் திறந்தது. திண்டிவனத்தில் எங்கள் அப்பா பாட்டு நின்று வாத்தியம் அழத் தொடங்கினாலே, "யாரோ பெரிய தலை போயிடுச்சு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு விசாரிக்கப் போவார். அவருக்கு நம்பிக்கை எல்லாம் ராத்திரி ஒன்பதேகால் பிபிசி தமிழோசை மேல்தான். அந்தச் சிற்றலை (ஷார்ட் வேவ்) ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று முடிந்துபோனது. என் ரேடியோவில் ஷார்ட் வேவ் பேண்ட் இருக்கிறது. ராத்திரியில் திருகினால் சீனமோ என்னவோ, கடல் இரைச்சல் மாதிரி ஏறி இறங்கி வரும். தமிழ் தேடி அலுத்துவிட்டேன். அந்தப் பேண்டுக்காக யாரும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

வீட்டுக்காரர் கட்சி வேறு. அவருக்கு ராத்திரி எட்டு மணியானால் ஆறு கட்டத்துக்குள் ஆறு பேர் சேர்ந்து கத்த வேண்டும். "பத்து நிமிஷ நியூஸ்ல என்ன தெரிஞ்சுக்க முடியும்?" என்கிறார். போன வாரம் ஒரு மணி நேரம் அந்த விவாதத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிட வந்தவரிடம், "என்ன முடிவு பண்ணாங்க?" என்று அத்தை நிஜமாகவே அக்கறையோடு கேட்டாங்க. அவர் சாம்பாரை ஊற்றிக்கொண்டு, "அப்பளம் இல்லையா?" என்றார்.

போன மாசம் அண்ணிக்கு ஒன்று வாங்கலாம் என்று அதே கடைக்குப் போனேன். பெரியவர் இல்லை, அவர் மகன் இருந்தார். இதே மாடல் ரெண்டுதான் மிச்சம், 1,600 சொன்னார். இறங்கவில்லை, வாங்கிவிட்டேன். நீங்கள் வாங்கினால் கடையிலேயே செல் போட்டு, மீடியம் வேவைத் திருகிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். கடைக்குள் இரைச்சல்தான் வரும். வாசலில் நின்று கேட்க விடுகிறார்களா பாருங்கள், விடுவார்கள். செல்லை அதே கடையில் வாங்காதீர்கள். எனக்குக் கொடுத்த ஜோடியில் ஒன்று ஒழுகி ஸ்பிரிங் பச்சையாகிவிட்டது. எலுமிச்சம்பழச் சாறு தொட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத்தான் எடுத்தேன்.