கிண்டியில் செராமிக்கா, சுயநிதியில் கம்ப்யூட்டர் சயின்ஸா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அரை மணி நேரத்தில் பொறியியல் சேர்க்கைக்கான கட் ஆஃப் கணக்கு முடிந்துவிடும். கணிதம் 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்கு, ஆக மொத்தம் 200. அதன்பிறகு கவுன்சலிங் முடியும்வரை வீட்டில் ஒரே பஞ்சாயத்துதான்: காலேஜைப் பார்ப்பதா, கோர்ஸைப் பார்ப்பதா? 197 வாங்கிய பிள்ளைக்கு இரண்டுமே சேர்ந்து கிடைத்துவிடும். 180-லிருந்து 190-க்குள் நிற்பவர்களுக்குத்தான் எல்லாக் கதவும் பாதி திறந்த மாதிரி தெரியும். இந்த அலசல் அவர்களுக்காக.

கையில் இருக்கும் வழிகள் பெரும்பாலும் நான்கு. அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகத்தில் யாரும் முதலில் கேட்காத ஒரு பிரிவு. அரசுப் பொறியியல் கல்லூரியில் சிவில், மெக்கானிக்கல் போன்ற கோர் பிரிவு. தன்னாட்சி பெற்ற சுயநிதிக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ். கவுன்சலிங்குக்கே வராத நிகர்நிலைப் பல்கலைக்கழகம்.

இவற்றை எடைபோடும் முன் ஒரு எச்சரிக்கை. போன வருடம் பக்கத்து வீட்டுப் பையன் 186-க்கு எங்கே சேர்ந்தான் என்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வேதியியலில் நூற்றுக்கு நூறு எடுத்தவர்கள் 2024-இல் 471 பேர், 2025-இல் 3,181 பேர். இயற்பியலில் 633 பேர் 1,125 ஆனார்கள். ஒரே மதிப்பெண் அடுத்த ஆண்டே பல படி கீழே இறங்கிவிட இது போதும். எனவே மதிப்பெண்ணை விட்டுவிட்டு ரேங்கைப் பாருங்கள், அதிலும் உங்கள் சமூகப் பிரிவுக்குள் வரும் ரேங்கை. 69 சதவீத இட ஒதுக்கீடு உள்ள மாநிலத்தில் கடைசி சீட் யாருக்குப் போகிறது என்பதைச் சொல்வது அந்த எண்தான்.

சரி, முதல் வழிக்கு, அண்ணா பல்கலை வளாகத்தில் இருக்கும் கிண்டி பொறியியல் கல்லூரிக்கு வருவோம். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி அது. அந்த நில அளவையின் இன்றைய வாரிசான ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் அங்கே பட்டியலின் கீழ்ப்பகுதியில் கிடைக்கிற பிரிவு என்பது ஒரு வேடிக்கை. பிரிண்டிங், மைனிங் ஆகியவையும் அப்படியே. அதே வளாகத்தில் இருக்கும் ஏ.சி.டெக்கில் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) செராமிக், டெக்ஸ்டைல், லெதர், அண்ணா பல்கலையின் இன்னொரு வளாகமான குரோம்பேட்டை எம்.ஐ.டி-யில் ரப்பர் அண்ட் பிளாஸ்டிக்ஸ். பெயரைக் கேட்டதும் "இதைப் படித்து என்ன செய்வான்?" என்று சித்தப்பா கேட்பார். ஆனால் லெதர் டெக்னாலஜி அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து நடக்கும் படிப்பு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தொழிலே பக்கத்தில் இருக்கிறது. படிக்கும் எண்ணிக்கை சிறியது, போட்டியும் சிறியது.

இந்த வழியின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஹாஸ்டலில் பக்கத்து அறையில் இருப்பவன் 198 வாங்கியவன். அவன் இரவு பதினொரு மணிக்கு என்ன செய்கிறான் என்பதைப் பார்த்தே பாதிப் படிப்பு ஏறிவிடும். கிளப், சிம்போசியம், சீனியர் தொடர்பு எல்லாமே பிரிவு பார்க்காமல் கிடைக்கும். பலவீனமும் உண்டு. வளாகத்துக்கு வருகிற எல்லா நிறுவனமும் எல்லாப் பிரிவையும் உள்ளே விடுவதில்லை. "சர்க்யூட் பிராஞ்ச் மட்டும்" (எலக்ட்ரானிக்ஸ், எலக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் மாதிரிப் பிரிவுகள்) என்று போர்டில் எழுதியிருக்கும்போது செராமிக் மாணவன் வெளியேதான் நிற்க வேண்டும். தன் துறையில் ஒட்டாமல், தானாகக் கோடிங்கும் பழகாமல் நாலு வருடம் போக்கினால் பெரிய காலேஜ் பெயர் மட்டும் சோறு போடாது.

அரசுக் கல்லூரிகளைப் பற்றி நம் வீடுகளில் பேசுவதே குறைவு. கோவை ஜி.சி.டி, காரைக்குடி அழகப்பச் செட்டியார் கல்லூரி, சேலம், திருநெல்வேலி, பர்கூர். கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்கள்தான். கட்டடம் பளபளப்பாக இருக்காது, லேபில் பழைய மெஷின் நிற்கும், பேராசிரியர் இடங்கள் காலியாகக் கிடக்கும். ஆனால் கோர் படித்து, பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வு, பொதுத்துறை நிறுவனம், டி.என்.பி.எஸ்.சி. உதவிப் பொறியாளர் என்று போக நினைப்பவருக்கு இதைவிட மலிவான, நேரான வழி இல்லை. ஐ.டி-க்கு மாறவும் முடியும். பெரிய சர்வீஸ் நிறுவனங்கள் பிரிவு பார்க்காமல் ஆள் எடுத்தவைதான். ஒரே சிக்கல், அவர்கள் கையைச் சுருக்கும் வருடத்தில் கோர் மாணவருக்குத்தான் முதலில் அடி விழும். 2023-24 நிதியாண்டில் டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் இரண்டிலுமே ஊழியர் எண்ணிக்கை குறைந்தது. மெக்கானிக்கல் படித்துக்கொண்டே ஐ.டி-யை நம்பியிருந்தவர்களுக்கு அது நல்ல வருடம் இல்லை.

இப்போது எல்லோரும் கேட்கிற சுயநிதி கம்ப்யூட்டர் சயின்ஸ். இங்கேதான் நிதானம் வேண்டும், ஏனென்றால் ஒரே பெயரில் மிகப் பெரிய வித்தியாசங்கள் ஒளிந்திருக்கின்றன. நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் கவுன்சலிங்கில் வருகின்றன. ஒரு பிரிவுக்கு இத்தனை சீட்தான் என்று இருந்த உச்சவரம்பை 2024-25-இலிருந்து தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. தளர்த்தியது. உடனே கம்ப்யூட்டர் சயின்ஸ், ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று சீட்டுகள் பெருகின. சீட்டைப் பெருக்க அனுமதிக் கடிதம் போதும். பாடம் நடத்த ஆள் எங்கிருந்து வந்தார்கள்? 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு விஷயத்தை வெளிக்கொண்டு வந்தது: ஒரே பேராசிரியரின் பெயர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளின் கணக்கில் இருந்தது. ஆகவே "அங்கே பி.எச்டி. ஸ்டாஃப் நிறைய" என்று பிரசுரத்தில் போட்டிருந்தால், நேரில் போய் இரண்டாம் ஆண்டு மாணவனிடம் யார் எந்தப் பாடம் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். அவனுக்குப் பொய் சொல்லக் காரணம் இல்லை.

பிளேஸ்மெண்ட் சதவீதமும் அப்படித்தான். அரியர் உள்ளவர்களைக் கழித்துவிட்டு மிச்சம் இருப்பவர்களில் இத்தனை சதவீதம் என்பது ஒரு கணக்கு. ஒருவனுக்குக் கிடைத்த மூன்று ஆஃபரை மூன்று வேலையாக எண்ணுவது இன்னொரு கணக்கு. அதிகபட்சச் சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள், வகுப்பில் நடுவில் இருப்பவனுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். தன்னாட்சி என்ற சொல்லையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பாடத்திட்டமும் வினாத்தாளும் கல்லூரி கையில். பட்டம் மட்டும் அண்ணா பல்கலை தரும். நல்ல கல்லூரியில் இது பாடத்தைப் புதுப்பிக்க உதவுகிறது. சுமாரான கல்லூரியில் எல்லோரையும் தேர்ச்சி பெறச் செய்ய உதவுகிறது.

நடுவே ஒரு வகை இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. கோவையின் பி.எஸ்.ஜி. டெக், சி.ஐ.டி., மதுரை தியாகராசர் போன்றவை அரசு உதவி பெறும் கல்லூரிகள். ஆனால் அதே கட்டடத்தில் சில பிரிவுகள் சுயநிதி. பட்டியலில் எஸ்.எஸ். என்று ஒட்டிக்கொண்டு வரும். ஃபீஸ் கூடுதல், மற்றபடி காலேஜின் சூழலும் சீனியர்களும் அதேதான். 185 சுற்றி நிற்பவர் தன் ரேங்குக்கு இங்கே ஏதாவது பிடிக்கிறதா என்று முதலில் தேடலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காவிட்டாலும் ஒரு எலக்ட்ரிக்கலோ இன்ஸ்ட்ருமென்டேஷனோ கிடைத்தால், நான் அதைத்தான் பெயர் தெரியாத கல்லூரியின் ஏ.ஐ. பிரிவுக்கு மேலே வைப்பேன்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தனி உலகம். வி.ஐ.டி., எஸ்.ஆர்.எம். தங்கள் நுழைவுத்தேர்வை நடத்துகின்றன. சாஸ்த்ரா பிளஸ் டூ மதிப்பெண்ணையும் ஜே.இ.இ. மெயினையும் பார்க்கிறது. வசதி நன்றாகவே இருக்கும், வரும் நிறுவனங்களும் அதிகம். ஆனால் வி.ஐ.டி-யில் ரேங்க் சரியச் சரிய ஃபீஸ் ஏறும். நல்ல ரேங்கில் போகிறவனும் கடைசி கேட்டகரியில் போகிறவனும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள், அப்பாக்கள்தான் வேறு வேறு தொகை கட்டுகிறார்கள்.

இங்கே பேனாவை எடுக்க வேண்டும். சுயநிதிக் கல்லூரியில் கவுன்சலிங் சீட்டுக்கு 2017-இல் கட்டண நிர்ணயக் குழு வைத்தது ஆண்டுக்கு 50,000, தரச்சான்று (என்.பி.ஏ.) பெற்ற பிரிவுக்கு 55,000. பஸ், ஹாஸ்டல், அது இது என்று கல்லூரி தனியாக வாங்குவது வேறு. நிகர்நிலையில் உயர் கேட்டகரியில் ஃபீஸ் மட்டுமே ஆண்டுக்கு மூன்று லட்சத்தைத் தாண்டலாம். அதற்காக 15 லட்சம் கடன் வாங்கினால், 10 சதவீத வட்டியில் பத்து வருடம் கட்ட மாதத் தவணை ஏறக்குறைய 19,800 ரூபாய். மூன்றரை லட்சம் ஆண்டுச் சம்பளத்தில் வேலைக்குச் சேர்கிற பிள்ளையின் கைக்கு வருவது மாதம் முப்பதாயிரத்துக்கும் கீழே. சென்னையிலோ பெங்களூரிலோ வாடகை கொடுத்துவிட்டு இதைக் கட்டச் சொல்வது நியாயமா? சொந்தப் பணம் இருப்பவர் போகட்டும். நிலத்தை அடகு வைத்து நடுத்தர ரேங்கில் அங்கே போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நாள் கணக்கும் நமக்கு எதிராகவே ஓடுகிறது. நிகர்நிலைகள் ரிசல்ட்டுக்கு முன்பே முன்பணம் கேட்கும். கவுன்சலிங்கோ ஜூலையில்தான் தொடங்கும். பயத்தில் கட்டிவிடுகிறோம், பிறகு கட்டிய பணத்துக்காகவே அங்கே சேர்கிறோம். 2024-25-க்கு பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. செப்டம்பர் 30 வரை விலகினால் முழுப் பணத்தையும் திருப்பித் தரச் சொன்னது. உங்கள் ஆண்டின் சுற்றறிக்கையைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.

ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மேலே சொன்ன பணக் கணக்கு அப்படியே மாறிவிடும். 2021 முதல் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் கவுன்சலிங்கில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தோடு ஹாஸ்டல் செலவும் அரசுடையது. அவர்களுக்குத் தனி ரேங்க் பட்டியலும் உண்டு. எனவே "சுயநிதி நமக்குக் கட்டுப்படியாகாது" என்று ஒதுங்கத் தேவையில்லை. தங்கள் ரேங்கில் கிடைப்பதில் நல்ல வகுப்பு எதுவோ அதை எடுக்கலாம். நிகர்நிலைக்கு இந்தச் சலுகை செல்லாது.

என் வரிசையைக் கேட்டால்: கோடிங் உண்மையிலேயே பிடித்தவருக்கு உதவி பெறும் கல்லூரியின் எஸ்.எஸ். பிரிவு, அடுத்து முன்னணித் தன்னாட்சிக் கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸ். என்ன பிடிக்கும் என்று இன்னும் தெரியாதவருக்கு கிண்டியோ குரோம்பேட்டையோ, எந்தப் பிரிவானாலும். கோர் மீது ஆசையும் வீட்டில் பணக் கஷ்டமும் உள்ளவருக்கு ஜி.சி.டி-யும் காரைக்குடியும். புதிதாகச் சீட் பெருக்கிய, பெயர் கேட்டறியாத கல்லூரியின் ஏ.ஐ. பிரிவு யாருக்கும் கடைசி.

சாய்ஸ் ஃபில்லிங்கில் எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் போடலாம், ஆனால் வரிசை மிக முக்கியம். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் "ஏற்கிறேன், மேலே கிடைத்தால் மாறுகிறேன்" என்று கொடுத்தால், மேலே உள்ள ஒன்று காலியானதும் உங்களை அங்கே நகர்த்திவிடுவார்கள். பழைய சீட் அந்த நொடியே அடுத்தவருக்குப் போய்விடும். கிடைத்தாலும் போக மாட்டேன் என்கிற எதையும், உறவினர் சொன்னார் என்பதற்காகக்கூட, கிடைத்தால் போதும் என்கிற ஒன்றுக்கு மேலே வைக்காதீர்கள்.