வொர்க் ஃப்ரம் ஹோமா, கூடுதல் சம்பளமா: வருஷக்கணக்கில் பார்த்தால் எது கையில் நிற்கிறது?

ஐ.டி. ஊழியர்களுக்கு இந்தக் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் வரும். இருக்கும் வேலை சொந்த ஊரிலிருந்தே, ஆண்டுக்கு மொத்தச் சம்பளம் 12.75 லட்சம். புது ஆஃபர் 15 லட்சம், ஆனால் வாரம் ஐந்து நாளும் சென்னை ஓ.எம்.ஆர். அலுவலகம். 2.25 லட்சம் கூடுகிறதே என்று நினைப்பதுதான் முதல் சறுக்கல். 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில் 75,000 ரூபாய் நிலைக்கழிவு (ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்) சேர்த்து 12.75 லட்சம் வரை வரி இல்லை. 15 லட்சத்துக்கு செஸ் எனும் கூடுதல் வரியோடு 97,500 கட்ட வேண்டும். ஆக, கையில் கூடுவது மாதம் 10,625 ரூபாய். பி.எஃப். பிடித்தமும் ஏறினால் இன்னும் குறையும். சோழிங்கநல்லூரில் குடும்பத்தோடு தங்கும் வீட்டு வாடகைக்கே அது காணாது.

சில நாள் வீடு, சில நாள் அலுவலகம் என்ற ஹைப்ரிட் வேறு கணக்கு. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்தாலும் சென்னை வாடகை அப்படியேதான் நிற்கும். மிச்சமாவது அந்த நாள்களின் பயணம் மட்டும். அதற்கும் மதிப்பு உண்டு. சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து நடந்து, 2024இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில், அந்த இரண்டு நாள் சலுகையாலேயே வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் முழுக்க வீட்டிலிருந்தே பார்க்கும் வேலைக்காக விட்டுக்கொடுக்கும் அளவு சம்பளத்தை ஹைப்ரிட்டுக்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

சொந்த ஊரிலிருந்து வேலை பார்ப்பவரைச் சோதிப்பது கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்றால் காலை 9 முதல் மதியம் 2 வரை, சில இடங்களில் மாலை 5 வரை இருக்காது. லேப்டாப் 60 வாட், ஃபேன் 70, ரவுட்டர் 10 என்றால் இன்வெர்ட்டரின் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி புதிதில் ஏறத்தாழ எட்டு மணி நேரம் தாங்கும். அதே இன்வெர்ட்டரில் ஃபிரிட்ஜையும் மாட்டினால் அந்த நேரம் குறைந்துவிடும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறந்தால் பேட்டரியின் ஆயுசே குறையும். ரவுட்டரில் விளக்கு எரிந்தும் நெட் வராத நாள் உண்டு: தெருவில் இருக்கும் ஆபரேட்டரின் கருவிக்கு பேக்கப் இருக்காது. வேறு கம்பெனி சிம் ஒன்றை ஹாட்ஸ்பாட்டுக்கென்றே வைத்திருப்பது அவசியம்.

அதிகம் பேர் ஏமாறுவது ஆஃபர் லெட்டரில். ‘பணியிடம்: சென்னை’ என்று அச்சடித்துவிட்டு வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்பதை ஹெச்.ஆர். வாய்வார்த்தையாகச் சொன்னால், கூப்பிடும் நாளில் கிளம்பியாக வேண்டும். பணியிடமாக உங்கள் ஊர், வாரத்தில் எத்தனை நாள் வீடு, திரும்ப அழைக்க எத்தனை மாத நோட்டீஸ் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அதைச் சென்னை வேலையாகவே எண்ணி, வாடகையையும் சேர்த்துச் சம்பளம் பேசுங்கள்.