சுகர் ஃப்ரீ இனிப்புப் பெட்டி, அரைக் கிலோ 720 ரூபாய்: வாங்கலாமா?

சுவைக்கு நாலு நட்சத்திரம் தாராளமாகக் கொடுப்பேன். பெட்டியின் மேல் பச்சை எழுத்தில் அச்சிட்டிருக்கும் ‘சுகர் ஃப்ரீ’க்கு ஒன்றுகூடக் கொடுக்க மனம் வரவில்லை. கடையின் பெயர் வேண்டாம். இப்படிப்பட்ட பெட்டியை இன்று எல்லா ஊர்களிலும் பெரிய இனிப்பகங்களில் தனி ஷெல்ஃப் போட்டு அடுக்கி வைத்திருக்கிறார்கள். நான் வாங்கியது எங்கள் திருச்சியில்.

என் மாமியாருக்குச் சர்க்கரை நோய் வந்து வெகு காலம் ஆகிறது. மாத்திரையில் ஓடுகிறது. தீபாவளியன்று எல்லோரும் இனிப்புத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் மிக்சரைக் கொறித்துக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்காது. அவருக்காகத்தான் வாங்கினேன்.

உள்ளே நாலு வகை: மைசூர்பாகு, முந்திரி கேக், பால்கோவா உருண்டை, அத்திப்பழ ரோல். மைசூர்பாகைத் தனியாகப் பாராட்ட வேண்டும். விரலால் அழுத்தினால் நெய் கசிகிறது. மருந்து வாடையோ கடைசியில் ஒரு கசப்போ நாக்கில் தங்கவில்லை. இப்படிப்பட்ட பண்டங்களில் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பு சர்க்கரையைவிடச் சுமார் 600 மடங்கு இனிப்பு. இத்துனூண்டு போட்டாலே போதும். ஆனால் அதை வைத்துப் பாகு காய்ச்ச முடியாது. பாகு என்றால் அளவும் கனமும் வேண்டும். அதனால் இதில் மால்டிட்டால் என்ற இன்னொரு மாற்று இனிப்பைச் சேர்க்கிறார்கள். கிட்டத்தட்ட சர்க்கரை அளவுக்கே இனிக்கும், பாகும் வரும். செய்த மாஸ்டர் கைதேர்ந்தவர், சந்தேகமில்லை.

கவுண்டரில் இருந்த தம்பியிடம் என்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன். “ஸ்டீவியா அக்கா, இலையிலிருந்து எடுக்கிற இனிப்பு. சுகரே கிடையாது. பெரியவங்க எவ்வளவு வேணாலும் சாப்பிடலாம்” என்றார். அவருக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர் சொல்கிறார், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பெட்டியின் பக்கவாட்டில், மடிப்பை விரித்தால்தான் தெரிகிற இடத்தில், ஐ.என்.எஸ். 965 என்று இருக்கிறது. உணவில் சேர்க்கும் பொருள்களுக்கு உலக அளவில் கொடுத்திருக்கும் எண் இது. அது மால்டிட்டால். ஸ்டீவியாவாக இருந்தால் 960 என்று இருக்கும். 955 சுக்ரலோஸ், 951 அஸ்பார்டேம் என்ற வேறொரு செயற்கை இனிப்பு. வாங்கும்போது இந்த எண்களைப் பாருங்கள், கடைக்காரர் வாயைப் பார்க்க வேண்டியதில்லை.

அதே மடிப்பில் சத்து அட்டவணை. நூறு கிராமுக்கு 478 கலோரி, மாவுச்சத்து 46 கிராம், மொத்தச் சர்க்கரை 11 கிராம், சேர்த்த சர்க்கரை 0. இந்தக் கடைசி இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும். சர்க்கரையை அவர்கள் கையால் போடவில்லை, ஆனால் பண்டத்தில் சர்க்கரை இருக்கிறது. பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இயல்பாகவே உண்டு. பால் சுண்டச் சுண்ட அதுவும் செறிந்து கோவாவில் வந்து நிற்கும். அத்திப்பழ ரோலை உதிராமல் ஒட்ட வைப்பது பேரீச்சம்பழம். நூறு கிராம் பேரீச்சம்பழத்தில் அறுபது கிராமுக்கு மேல் சர்க்கரைதான். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிப்படி, நூறு கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் ‘சுகர் ஃப்ரீ’ என்று போடக்கூடாது. பால்கோவாவும் அத்திப்பழ ரோலும் அந்த வரம்புக்குள் எந்தக் காலத்திலும் வராது. ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று போட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

சரி, வீட்டில் என்ன ஆயிற்று? மாமியார் நாலு இட்லிக்குப் பிறகு ஆசையாக ஒரு மைசூர்பாகும் இரண்டு அத்திப்பழ ரோலும் சாப்பிட்டார். இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் 224. அதே நாலு இட்லிக்கு வழக்கமாக 170 பக்கம் நிற்கும். ஒரே ஒரு ரீடிங்கை வைத்து எதையும் அடித்துச் சொல்லக்கூடாதுதான். ஆனால் “எவ்வளவு வேணாலும்” என்பதை நம்பி இன்சுலின் போடுகிற ஒருவர் ஆறு துண்டு சாப்பிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. மால்டிட்டாலும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரையைவிடக் குறைவாக, அவ்வளவுதான். கலோரியும் சுத்தமாக இல்லாமல் போவதில்லை, சர்க்கரையில் பாதியாவது உண்டு. நெய்யும் கடலை மாவும் எப்போதும்போல்தான்.

இன்னொன்று, குழந்தைகள். மால்டிட்டால் குடலில் முழுதாகச் செரிக்காது, மீதி பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். பாட்டி பெட்டியிலிருந்து மைசூர்பாகாக எடுத்துத் தின்ற என் பையனுக்கு ராத்திரி முழுக்க வயிறு ஊதிக்கொண்டு ஒரே இரைச்சல், காலையில் பேதி. பேதியாகலாம் என்ற எச்சரிக்கையும் அந்த மடிப்புக்குள்தான், எறும்பு எழுத்தில்.

என் வீட்டுக்காரர் எடை குறைக்கவென்று இதே பெட்டியைக் காலி செய்யத் தயாராக இருந்தார். காபிக்கும் சுக்ரலோஸ் மாத்திரைதான் அவருக்கு. சர்க்கரை நோய் இல்லாதவர்கள் எடைக் கட்டுப்பாட்டுக்காகச் சுக்ரலோஸ், ஸ்டீவியா போன்றவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்திலேயே பரிந்துரைத்திருக்கிறது; நீண்ட கால நோக்கில் எடை குறைவதாகத் தெரியவில்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம். மால்டிட்டால் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் 478 கலோரியைத் தின்று எந்த எடை குறையும்? அவருக்கு இப்போது காபியில் அரை ஸ்பூன் சர்க்கரை, சாயங்கால பஜ்ஜி கட். முணுமுணுக்கிறார், குடிக்கிறார்.

வாங்கலாமா என்றால், வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்து, ஒரு துண்டோடு நிறுத்துவார் என்றால், அன்றைக்கு ஒரு இட்லியைக் குறைத்துக்கொள்வார் என்றால், மைசூர்பாகை மட்டும் தனியாக நிறுத்து வாங்குங்கள். கால் கிலோ கேட்டால் கொடுக்கிறார்கள். கலவைப் பெட்டி வேண்டாம். மற்றவர்களுக்கு அதே கடையின் சாதாரண மைசூர்பாகு அரைக் கிலோ 360 ரூபாய். ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டு டப்பாவை மேல் தட்டில் ஏற்றிவிடுங்கள்.

மேனேஜரிடம் அந்த மடிப்பை விரித்துக் காட்டினேன். “ஹெட் ஆபீஸ்ல சொல்றேன் மேடம்” என்றார். பெட்டியைப் படம் எடுத்து மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். லேபிளை மாற்றினால் இந்த விமர்சனத்தையும் மாற்றுகிறேன்.