ஐட்லிங்கில் உதறும் செகண்ட்ஸ் லாரி: பம்ப் கடையா, ஸ்கேனரா, டேங்க் பக்கமா?

"ரேஸ்ல நல்லாத்தானுங்க ஓடுது. கால எடுத்தா உதறுது, கிளட்ச்ச மிதிச்சா ஆஃப் ஆயிருது." சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் செகண்ட்ஸில் லாரி எடுத்தவர்களிடம் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம். உடனே மூன்று பேர் மூன்று வழி சொல்வார்கள். இன்ஜினுக்கு டீசலை அளந்து அனுப்பும் பம்ப்பை இறக்கிக் கடையில் கொடு என்பார் ஒருவர். கம்ப்யூட்டர் (ஸ்கேனர்) மாட்டிப் பார் என்பார் இன்னொருவர். டேங்க்கில் இருந்து ஃபில்டர் வரை லைனைப் பார் என்பவர் மூன்றாமவர். எந்த வண்டியாக இருந்தாலும் மூன்றாமவர் சொல்வதில் தொடங்க வேண்டும் என்பதே என் முடிவு. மற்ற இரண்டும் தப்பான வழிகள் அல்ல. வரிசை மாறினால் பணம் வீணாகும், அவ்வளவுதான்.

ஐட்லிங்தானே (ரேஸ் கொடுக்காமல் இன்ஜின் ஓடும் நிலை), ரேஸ் கொடுத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று ஓட்டக் கூடாது. இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும், ஏர் கம்ப்ரசரும் நின்றுவிடும். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் லோடோடு இறங்கும்போது ஒரு வளைவில் வண்டி ஆஃப் ஆனால், ஏர் டேங்க்கில் மிச்சமிருக்கும் காற்றை நம்பித்தான் பிரேக் பிடிக்க வேண்டும்.

முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிய வேண்டும். நாடு முழுக்க பிஎஸ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது 2017 ஏப்ரல் 1-ல், பிஎஸ் 6 வந்தது 2020 ஏப்ரல் 1-ல். ஆனால் வருடத்தை மட்டும் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். அசோக் லேலண்டின் பிஎஸ் 4 ஐ-இஜிஆர் வண்டிகளில் பழைய மெக்கானிக்கல் வகை இன்லைன் பம்ப்தான் இருந்தது. கேபினைத் தூக்கிப் பாருங்கள். பம்ப்பில் இருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக பைப் போனால் மெக்கானிக்கல். எல்லா பைப்பும் ஒரு தடித்த குழாயில் இருந்து பிரிந்து போனால் காமன் ரெயில்.

பம்ப் கடைக்காரர்களின் வேலையை நான் குறைத்துப் பேச மாட்டேன். டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, ஒவ்வொரு லைனிலும் எவ்வளவு டீசல் வருகிறது என்று அளந்து சமன் செய்வது வேறு எங்கும் நடக்காத காரியம். ஐட்லிங்கில் சுற்று ஏறி இறங்கி ஊசலாடினால், பம்ப்பில் சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னரைச் சந்தேகிக்க நியாயம் உண்டு. ஆனால் டீசல் லைன் ஏர் இழுத்தாலும் இதே ஊசலாட்டம் வரும். பம்ப்பை இறக்கி, ஏற்றி, டைமிங் வைத்து முடிப்பதற்குள் வண்டி நாள்கணக்கில் நின்றுவிடும், பில்லும் பெரிதாக வரும். இறக்கும் முன் பார்க்க வேண்டிய சின்ன விஷயங்கள் இரண்டு உண்டு. ஒன்று, பம்ப்பின் ரிட்டர்ன் பக்கம் இருக்கும் ஓவர்ஃப்ளோ வால்வு. அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் பம்ப்புக்குள் டீசல் பிரஷர் நிற்காது, ஐட்லிங் உதறும். இன்னொன்று, இன்ஜினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கேபிள். துருப்பிடித்து முழுதாகத் திரும்பாமல் நின்றால், ஸ்டாப் லிவர் பாதி இழுத்தபடியே இருக்கும். காலை எடுத்ததும் வண்டி நின்றுபோக அதுவே போதும்.

ஸ்கேனரின் பலம் காமன் ரெயில் வண்டியில்தான். அங்கே அது இல்லாமல் வேலை பார்ப்பது இருட்டில் தேடுவது போலத்தான். ஓடி சூடானதும் நின்று, ஆறிய பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆகும் வண்டியில், இன்ஜின் சுற்றுவதைக் கவனிக்கும் கிராங்க் சென்சரைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் ஸ்கேனர்தான். புகையில் ஒரு பகுதியைத் திருப்பி இன்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தபடி மாட்டிக்கொண்டதும் அதில் தெரியும். ஐட்லிங்கில் உதறி, கரும்புகை தள்ளி, ரேஸில் தெளிந்தால் அந்த வால்வை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஸ்கேனர் சொல்வது அறிகுறியைத்தான். "ரெயில் பிரஷர் குறைவு" என்று கோடு (code) வந்ததும் ஹை பிரஷர் பம்ப் போச்சு என்று விலை பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அடைத்துக்கொண்ட ஃபில்டரும் அதே கோடைத்தான் காட்டும். ஏர் இழுக்கும் ஹோஸும், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் கசிந்தாலும் அப்படித்தான். ஃபில்டர் மாற்றாமல், லைனைப் பார்க்காமல், இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் டீசலைத் தனித்தனிப் பாட்டிலில் பிடித்து ஒப்பிடாமல் பம்ப்புக்குப் பணம் கட்டாதீர்கள். காருக்கு விற்கும் சின்ன ஸ்கேனர் டாங்கிளை லாரியில் செருகவும் வேண்டாம். கார் 12 வோல்ட், லாரி 24 வோல்ட்.

இனி டேங்க் பக்கம். டேங்க்கில் இருந்து டீசலை இழுக்கும் சின்ன பம்ப்தான் ஃபீட் பம்ப்; அதுவரை டீசல் உறிஞ்சப்பட்டுத்தான் வருகிறது. அதனால் அந்த ஹோஸில் விரிசல் விட்டால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். வெளியில் ஈரமே இல்லாததால் பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஐட்லிங்கில் ஒவ்வொரு அடிக்கும் போகும் டீசல் மிகக் கொஞ்சம். அதில் ஒரு குமிழி புகுந்தால் அந்த அடியே பாழ். ரேஸில் டீசல் அதிகம் போவதால் அதே குமிழி பெரிதாகத் தெரியாது. "ரேஸ்ல நல்லாத்தான் ஓடுது" என்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

என் மச்சான் எடுத்த பத்துச் சக்கர வண்டி ஒன்று இப்படித்தான் உதறிக்கொண்டிருந்தது. முந்தைய ஓனர் பம்ப் சர்வீஸ் பில்லைக் கையிலேயே கொடுத்திருந்தார். பில்லில் பொய் இல்லை, பம்ப்பும் நன்றாகவே இருந்தது. பெருந்துறை பக்கம் ஒரு லைன் மெக்கானிக், "பம்ப அப்புறம் பாத்துக்கலாமுங்ணா, மொதல்ல இதப் பாருங்க" என்று ஃபீட் பம்ப்புக்கு வரும் ஹோஸைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ட்யூப் மாட்டி, லைனில் இருந்த காற்றை வெளியேற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தார். மஞ்சள் டீசலுக்குள் கடுகளவு குமிழிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஓடின. கொஞ்சம் நின்றன, மறுபடி கூட்டமாக வந்தன. கூட்டமாக வந்த ஒவ்வொரு முறையும் இன்ஜின் ஒரு உதறு உதறியது. பிறகு டேங்க்கில் இருந்து வரும் ஹோஸை விரலால் வளைத்துக் காட்டினார். சேஸிஸ் கிளாம்ப்பில் உரசிய இடத்தில் ரப்பர் மயிரிழை அளவுக்குப் பிளந்திருந்தது. நேராக விட்டால் பிளவு மூடிக்கொண்டது.

ட்யூபில் குமிழி வந்தால் அடுத்து ஒரு சுத்தமான 5 லிட்டர் கேன் வேண்டும். வடிகட்டிய டீசல் ஊற்றி, அதில் இருந்து நேராக ஃபீட் பம்ப்புக்கு ஒரு புது ஹோஸ் கொடுங்கள். ரிட்டர்னையும் அதே கேனில் விடுங்கள். உதறல் நின்றால் கோளாறு டேங்க் பக்கம், நிற்காவிட்டால் ஃபீட் பம்ப்புக்கு அப்பால். கேனை உயரத்தில் வைக்காமல் டேங்க் மட்டத்திலேயே வையுங்கள். மேலே வைத்தால் டீசல் தானாக இறங்கி, பலவீனமான ஃபீட் பம்ப்பையும் நல்ல பம்ப் போலக் காட்டிவிடும். டேங்க் மூடியைத் திறக்கும்போது "புஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. டீசல் பாதிக்குக் கீழே இறங்கினால் மட்டும், அதுவும் ஏற்றத்தில் மட்டும் நின்றால், டேங்க்குக்குள் இறங்கும் உறிஞ்சு பைப்பில் ஓட்டை தேடுங்கள். லைனைக் கழற்றி மாட்டும்போது காப்பர் வாஷர்களைப் பழையதையே திருப்பி மாட்டாதீர்கள்.

லைன் சுத்தம், உதறல் நிற்கவில்லை என்றால், மெக்கானிக்கல் வண்டியில் ஐட்லிங்கில் ஓடும்போதே, டீசலைத் தெளிக்கும் நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பார்கள். எந்த சிலிண்டரின் நட்டைத் தளர்த்தும்போது சத்தம் மாறாமல் இருக்கிறதோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். அந்த நாசிலை மட்டும் கழற்றி டெஸ்ட் செய்தால் போதும். காமன் ரெயில் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. ஐட்லிங்கிலேயே சில நூறு பார் (அழுத்தத்தின் அளவு), லோடில் 1600 பாரும் அதற்கு மேலும் போகும் அழுத்தம். அந்த டீசல் கையைத் துளைத்து உள்ளே போகும், விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

கம்ப்ரஷன் போன இன்ஜினுக்கு இந்த மூன்று வழியும் உதவாது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை அடித்து, சைலன்சரில் நீலப்புகையும் வந்தால் ரிங், லைனர் பக்கம் செலவு காத்திருக்கிறது. வாங்கப் போகும் வண்டி என்றால் இதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பாருங்கள். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போதே போங்கள், நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ட்யூப் மாட்டிப் பார்க்க விடமாட்டேன் என்று சொல்லும் வியாபாரியிடம் விலை பேசாமல் அடுத்த வண்டிக்குப் போவது நல்லது.