டெர்மினலில் திரைப்பதிவு: குரல் பிசகாமல் எடுக்க எது நல்லது?

லினக்ஸ் கணினியின் திரையை மைக் ஒலியோடு பதிவு செய்ய வேண்டும், அதற்காக ஓபிஎஸ் போன்ற பெரிய செயலியைத் திறக்க மனமில்லை என்றால், கட்டளை வரியிலேயே மூன்று கருவிகள் உண்டு: எஃப்எஃப்எம்பெக், டபிள்யூஎஃப்-ரெக்கார்டர், ஜிபியு-ஸ்கிரீன்-ரெக்கார்டர். மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு எஃப்எஃப்எம்பெக்கைத்தான் வைத்துக்கொண்டேன். ஐந்து நிமிடச் செயல்விளக்கத்துக்கு எதை எடுத்தாலும் குறையில்லை. ஒரு மணி நேரப் பாடம் என்று வரும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

படத்தின் தெளிவு, கோப்பின் அளவு ஆகியவற்றை வைத்து இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. மூன்றும் எச்264 என்ற காணொளிச் சுருக்க முறையில் நன்றாகவே எழுதும். முடிவு செய்ய வேண்டியது ஒலியும் படமும் கடைசி வரை சேர்ந்து வருகின்றனவா என்பதை வைத்துத்தான்.

பிசகு வருவதற்குக் காரணம், கணினிக்கு ஒரு கடிகாரமும் யுஎஸ்பி மைக்குக்குத் தனியாக ஒரு கடிகாரமும் இருப்பது. நொடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலியின் அளவீடுகள்) தருவதாகச் சொல்லும் மைக் உண்மையில் 48,005 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 18,000 மாதிரிகள் கூடிவிடும். மாதிரிகளின் எண்ணிக்கையை மட்டும் நம்பிக் கோப்பை எழுதினால், பாடம் முடியும்போது குரல் படத்துக்கு 0.375 நொடி பின்தங்கியிருக்கும். திரையில் வரி ஓடி முடிந்த பிறகு என்டர் விசையின் சத்தம் கேட்கும். பார்ப்பவருக்குக் காரணம் புரியாது, ஆனால் எரிச்சல் வரும்.

இதைச் சரிசெய்யும் பிடி எஃப்எஃப்எம்பெக்கில் வெளிப்படையாகவே இருக்கிறது. திரைக்கு எக்ஸ்11கிராப் (லினக்ஸின் பழைய திரை அமைப்பான எக்ஸ்11இலிருந்து படம் பிடிப்பது), மைக்குக்குப் பல்ஸ் (பல்ஸ்ஆடியோ ஒலிச் சேவை) என்று இரண்டு உள்ளீடுகளைக் கொடுக்கிறோம். பல்ஸ் உள்ளீடு, வரும் ஒலியின் மேல் கணினிக் கடிகாரத்தின் நேரத்தைக் குறிக்கிறது. ஒலி வடிகட்டியாக ஏரீசாம்பிளைச் (aresample) சேர்த்து, அதன் அசிங்க் (async) மதிப்பை 1000 என்று வைத்தால், அந்த நேரக் குறிகளுக்குப் பொருந்தும்படி நொடிக்கு 1000 மாதிரிகள் வரை ஒலி நீட்டப்படும் அல்லது சுருக்கப்படும். காதுக்கு மாற்றம் தெரிவதில்லை. மதிப்பை 1 என்று வைத்தால் இடைவெளியை நிரப்புவதும் மிகுதியை வெட்டுவதும் மட்டுமே நடக்கும். நீண்ட பதிவுக்குப் பெரிய மதிப்புதான் நல்லது.

இன்னொரு பிசகு, தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே அளவில் இருப்பது. அதற்கு வடிகட்டி வேண்டாம். ஐடிஎஸ்ஆஃப்செட் (itsoffset) என்ற தெரிவால் ஒலி, படம் இரண்டில் ஒன்றை அத்தனை நொடி தள்ளிவைத்தால் போதும். எந்த வகைப் பிசகு என்று கண்டுபிடிக்க, பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் என்டர் விசையை ஓங்கித் தட்டுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே தாமதம் என்றால் தள்ளிவைப்பது போதும். முடிவில் தாமதம் கூடியிருந்தால் கடிகாரச் சிக்கல்.

வரிசை நிரம்பித் தடைபடுகிறது என்ற எச்சரிக்கை டெர்மினலில் வந்தால், உள்ளீட்டு வரிசையின் நீளமான திரெட் கியூ சைஸ் (thread_queue_size) அளவை 1024 ஆக உயர்த்துங்கள். எந்த உள்ளீட்டுக்கு வேண்டுமோ, கட்டளையில் அதற்கு முன்னால் எழுத வேண்டும். பின்னால் எழுதினால் அந்த உள்ளீட்டைச் சேராது. ஒலி மூலத்தின் பெயரையும் பார்த்துக் கொடுக்க வேண்டும். மானிட்டர் என்று முடியும் பெயர் ஸ்பீக்கருக்குப் போகும் ஒலி. அதில் உங்கள் குரல் இருக்காது.

கோப்பை எம்கேவி (MKV) வடிவில் எழுதுவதே என் வழக்கம். எம்பி4 கோப்பின் அட்டவணை வழக்கமாகப் பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். நடுவில் மின்சாரம் போனால் முழுக் கோப்பும் திறக்காது. எம்கேவியில் அதுவரை எழுதியது மிஞ்சும். பிறகு மறுகுறியாக்கம் இல்லாமல் அப்படியே எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். பதிவின்போது குறைந்த உழைப்பில் வேகமாகச் சுருக்கும் அல்ட்ராஃபாஸ்ட் அமைப்பில் எடுத்து, பின்னர் ஆற அமரச் சுருக்கிக்கொள்வதால் பழைய கணினியும் திணறுவதில்லை.

எக்ஸ்11க்குப் பதிலாக வந்த புதிய திரை அமைப்பு வேலண்ட். அதில் ஓடும் ஸ்வே, ஹைப்பர்லேண்ட் மேசைத்தளங்களைப் பயன்படுத்துவோருக்கு டபிள்யூஎஃப்-ரெக்கார்டர் எளிது. ஆடியோ தெரிவைச் சேர்த்தால் மைக் வந்துவிடும். பகுதியைத் தேர்ந்தெடுக்க உதவும் ஸ்லர்ப் கருவியோடு இணைத்தால் திரையில் ஒரு பகுதியை மட்டும் மவுஸால் வளைத்து எடுக்கலாம். நான் அதில் எடுத்தவை எல்லாம் குறும்பதிவுகள் என்பதால், நீண்ட பாடத்தில் ஒலி எப்படி நிற்கும் என்பதற்கு என் சொல்லை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜிபியு-ஸ்கிரீன்-ரெக்கார்டர் பதிவு வேலையைக் கிராஃபிக்ஸ் அட்டையிடம் விட்டுவிடுவதால் விளையாட்டுப் பதிவுக்கு அதுவே முதல் தேர்வு. மைக்கையும் கணினி ஒலியையும் தனித்தனித் தடங்களாக எழுதும் வசதி உண்மையிலேயே அருமை. இருமல் விழுந்த இடத்தைப் பிறகு தனியாகத் திருத்தலாம்.

எஃப்எஃப்எம்பெக்குக்கு ஒரு பெரிய எல்லை உண்டு. வேலண்டில் எக்ஸ்11கிராப் பெரும்பாலும் கறுப்புத் திரையைத்தான் தரும். மாற்றாக உள்ள கேஎம்எஸ்கிராப் என்ற உள்ளீடு கூடுதல் அனுமதி கேட்கும். உபுண்டு 25.10 நோம் மேசைத்தளத்தின் எக்ஸ்11 அமர்வையே எடுத்துவிட்டது. என் எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளம் எக்ஸ்11இல் ஓடுவதால் எனக்குத் தடையில்லை. நோமில் வேலண்டோடு இருப்பவர்கள் ஜிபியு-ஸ்கிரீன்-ரெக்கார்டரை போர்ட்டல் வழியில் (எதைப் பதிய வேண்டும் என்று மேசைத்தளமே கேட்டு அனுமதிக்கும் முறை) இயக்கி, மைக்கைத் தனித் தடமாக வைத்துக்கொள்ளுங்கள். குரல் நகர்ந்திருந்தால் அந்தத் தடத்தை மட்டும் பிரித்து எஃப்எஃப்எம்பெக்கில் சரிசெய்து கொள்ளலாம்.